படமெடுக்கும் முன் இடம் பார்த்தல்

(இளம் அறிவியல் இயற்பியல், இரண்டாம் ஆண்டு, ஜலகண்டாபுரம்)

திருவள்ளுவர் பொருட்பாலில் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்னும் மூன்று அதிகாரங்களை 48, 49, 50 என்று அடுத்தடுத்து வைத்துள்ளார். பகைமேல் செல்லும் அரசன் புறப்படுமுன் எண்ண வேண்டியவை அவை. ஒரு மலையையோ ஆற்றையோ ஏரியையோ படம் பிடிக்கச் செல்லும் மாணவனும் இம்மூன்றையும் எண்ணியே புறப்பட வேண்டும் என்பதை நான் நூலில் படித்து அறியவில்லை. ஒரு தோல்வியால் அறிந்தேன். அந்தத் தோல்வியையும், அதன் பின் கற்றவற்றையும் கல்லூரித் தோழர்களுக்கும் பேராசிரியப் பெருமக்களுக்கும் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஒரு மணித்துளியில் எடுக்கும் படத்திற்கு ஒரு கட்டுரை எதற்கு என்று சிலர் கேட்கலாம். என் தந்தையார் விசைத்தறித் தொழிலாளி. பாவு பிணைக்கும்போது ஓர் இழை தப்பினால் சேலை முழுதும் கோடு விழும் என்பார். தறி ஓடும் சத்தம்தான் வெளியாருக்குக் கேட்கும். அதற்கு முன் நடந்த வேலை யாருக்கும் தெரிவதில்லை. நிலக்காட்சிப் படத்திலும் அப்படியே. பொத்தானை அழுத்துவது தறி ஓடுவது போன்றது. இடம் பார்ப்பதுதான் பாவு.

ஒரு தோல்வி

மேட்டூர் அணை 1925ஆம் ஆண்டு தொடங்கி 1934ஆம் ஆண்டு கட்டி முடிக்கப்பட்டது. அப்போதைய சென்னை மாகாண ஆளுநர் ஸ்டான்லியின் பெயரால் அந்த நீர்த்தேக்கம் அழைக்கப்படுகிறது. முழு நீர்மட்டம் 120 அடி; கொள்ளளவு 93.47 ஆயிரம் மில்லியன் கன அடி. இந்த எண்களை நாம் பள்ளியிலேயே மனப்பாடம் செய்திருக்கிறோம். அந்த நீருக்கடியில் ஊர்களும் வயல்களும் கோயில்களும் இருந்தன என்பதை மட்டும் பாடமாகப் படித்ததில்லை.

என் அம்மாயியின் தாய் பிறந்த வீடு அந்நிலத்தில் இருந்தது. அணை எழும்பியபோது இடம் பெயர்ந்த குடும்பங்களுள் அவர்களுடையதும் ஒன்று. அம்மாயி அந்த ஊரைக் கண்டதில்லை. தாய் சொல்லக் கேட்டதுதான். நீர் மிகவும் இறங்கும் ஆண்டுகளில், பண்ணவாடி பரிசல் துறைக்கு எதிரே, மூழ்கிய ஜலகண்டேசுவரர் கோயிலின் நந்தி வெளியே தெரியும். எங்கள் ஊரின் பெயரை நினைவூட்டும் பெயருடைய ஈசனின் நந்தி அது. நீர்மட்டம் ஏறத்தாழ 70 அடிக்குக் குறையும்போது அது தலைகாட்டும் என்பர்.

2024ஆம் ஆண்டு மே மாதத்தில் நீர்மட்டம் 60 அடிக்கும் கீழே இருந்தது. பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருந்த நான் அம்மாயியை அழைத்துக்கொண்டு பேருந்து மாறிப் பண்ணவாடிக்குச் சென்றேன். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது நண்பகல் கடந்துவிட்டது. நந்தி நீரை விட்டு நெடுந்தொலைவில் வெடித்த நிலத்தின் மேல் இருந்தது. அம்மாயி கையை நெற்றியில் குடையாகப் பிடித்துக்கொண்டு, “அந்தப் பக்கந்தான் எங்கம்மா வூட்டுக் களம் இருந்துச்சாம் கண்ணு” என்று காட்டினார். நான் கைப்பேசியால் முப்பதுக்கும் மேற்பட்ட படங்கள் எடுத்தேன்.

வீட்டிற்கு வந்து பார்த்தால் ஒன்றும் தேறவில்லை. வானம் வெள்ளைத்தாள், நிலம் வெளிறிய சாம்பல், நந்தி நடுவே ஒரு கறுப்புக் கட்டி. ஒரு படத்தை அச்சிட்டு அம்மாயியிடம் கொடுத்தேன். கண்ணருகே கொண்டுபோய், தள்ளிப் பிடித்து, திருப்பிப் பார்த்தார். “இதுல நந்தி எதுங்கண்ணு?” என்று கேட்டார். நான் விரலால் தொட்டுக் காட்ட வேண்டியிருந்தது.

மறுபடி போகலாம் என்று இருந்துவிட்டேன். கல்லூரிச் சேர்க்கை, சான்றிதழ்கள் என்று நாட்கள் சென்றன. ஜூலையில் கர்நாடகத்தில் மழை பெய்தது. ஜூன் மாதத்தில் 50 அடிக்கும் கீழிருந்த அணை, 2024 ஜூலை 30 அன்று 120 அடியை எட்டியது. நந்தி மூழ்கியது. 2025ஆம் ஆண்டுக் கோடையில் நீர் இறங்கவே இல்லை. ஜூன் மாத இறுதியிலேயே அணை மீண்டும் நிரம்பியது.

நான் செய்த பிழை என்ன என்று எண்ணிப் பார்த்தேன். இடம் தெரிந்திருந்தது. அங்கே ஒளி எப்படி விழும் என்று தெரியவில்லை. அந்த இடம் எத்தனை நாள் இருக்கும் என்றும் எண்ணவில்லை.

வலியறிதல்

முதலில் நம் கருவியின் வலிமையை அறிய வேண்டும். அதைவிட அதன் குறையை அறிய வேண்டும். நம் கண் வெயிலில் இருக்கும் பாறையையும் நிழலில் இருக்கும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்து இரண்டையும் தெளிவாக உணர்கிறது. கேமராவால் அவ்வளவு இயலாது. வானத்திற்கு அளவான ஒளியைக் கொடுத்தால் நிலம் கறுக்கும். நிலத்திற்குக் கொடுத்தால் வானம் வெளுக்கும்.

இது புதிய தொல்லை அன்று. கேப்டன் லினேயஸ் டிரைப் என்னும் இராணுவ அதிகாரி 1856ஆம் ஆண்டில் சென்னை அரசின் புகைப்படக்காரராக அமர்த்தப்பட்டார். 1857 டிசம்பரில் புறப்பட்டு, மாட்டுவண்டிகளில் கருவிகளை ஏற்றிக்கொண்டு தென்னாட்டில் பல மாதங்கள் பயணம் செய்தார். மதுரை, தஞ்சை, திருச்சி ஆகியவற்றோடு, அன்றைய சேலம் மாவட்டத்தின் இராயக்கோட்டையையும் பிற இடங்களையும் காட்டும் ஒரு தொகுதி 1858ஆம் ஆண்டு வெளிவந்தது. நம் மாவட்டம் ஒளிப்படத்தில் இடம்பெற்ற மிகப் பழைய தொகுதிகளுள் அஃது ஒன்று. அவர் பயன்படுத்திய மெழுகுத்தாள் எதிர்ப்படம் நீல ஒளியையே மிகுதியாக உணரும். அதனால் நீலவானம் வெறுமையாகவே பதியும். எனவே அவர் எதிர்ப்படத்தின் மேல் தூரிகையால் மேகங்களைத் தீட்டினார். கருவியின் குறையை அறிந்து, அதற்கேற்ப வேலையை அமைத்துக்கொண்டவர் அவர் என்பது கண்கூடு.

நம்மிடம் இருப்பது பெரும்பாலும் கைப்பேசிதான். அதன் லென்ஸ் அகன்ற பார்வை கொண்டது. தொலைவில் உள்ள மலையைச் சிறிதாக்கி, காலடியில் கிடக்கும் குப்பையைப் பெரிதாக்கும். திரையில் விரலால் விரித்து அருகே கொண்டுவந்தால் பல நேரங்களில் தெளிவு குறையும். எனவே மலை பெரிதாக வேண்டுமானால் இயன்றவரை கால்தான் நடக்க வேண்டும்.

இதற்கு ஓர் எளிய உதவி உண்டு. பழைய அட்டை ஒன்றில், படத்தின் அளவு விகிதத்தில் ஒரு சாளரம் வெட்டிக்கொள்ளுங்கள். இடம் பார்க்கச் செல்லும்போது கைப்பேசியைப் பையிலேயே வைத்துவிட்டு, இந்த அட்டையைக் கண் முன் பிடித்துப் பாருங்கள். கண்ணருகே வைத்தால் அகன்ற காட்சி. கையை நீட்டினால் குறுகிய காட்சி. எது உள்ளே வருகிறது, எது வெளியே போகிறது என்று தெரியும். மின்கம்பியும் விளம்பரப் பலகையும் அப்போதுதான் கண்ணில் படும். செலவு ஒன்றுமில்லை.

காலமறிதல்

ஒளியின் நிறம் ஏன் மாறுகிறது என்பது நாம் வகுப்பில் படித்ததே. குறைந்த அலைநீளமுள்ள நீல ஒளியைக் காற்றின் மூலக்கூறுகள் மிகுதியாகச் சிதறடிக்கின்றன. சிதறல், அலைநீளத்தின் நான்காம் அடுக்கிற்கு எதிர்விகிதத்தில் அமையும் என்பது ராலேயின் விதி. 450 நானோமீட்டர் நீலம், 700 நானோமீட்டர் சிவப்பைப் போல் சுமார் 6 மடங்கு சிதறுகிறது. சூரியன் அடிவானத்தில் இருக்கும்போது அதன் ஒளி, உச்சியிலிருந்து வருவதைப் போல் ஏறத்தாழ 38 மடங்கு காற்றைக் கடந்து வருகிறது. வழியிலேயே நீலம் சிதறிப்போக, எஞ்சிய பொன்னொளி நம்மை அடைகிறது. அந்த ஒளி பக்கவாட்டில் விழுவதால் பாறையின் ஒவ்வொரு மேடுபள்ளத்திற்கும் நிழல் கிடைக்கிறது. நண்பகலில் நிழல் பொருளின் அடியிலேயே சுருண்டுவிடுகிறது. என் படத்தில் நந்தி கட்டியாகப் போனதன் காரணம் இதுவே.

மேலைநாட்டு நூல்கள் சூரியன் மறையும் முன்னும் பின்னும் உள்ள ஒளியைப் பொன்னான ஒரு மணி நேரம் என்று கூறுகின்றன. அந்தக் கணக்கை அப்படியே நம் ஊருக்குக் கொண்டுவருதல் கூடாது. நாம் வட அட்சம் 12 பாகைக்குச் சற்றுக் குறைவான இடத்தில் வாழ்கிறோம். இங்கே சூரியன் ஏறத்தாழச் செங்குத்தாக இறங்குகிறது. சூரியன் மறைந்த பின் நிலம் தெளிவாகத் தெரியும் அந்திப்பொழுது நமக்கு 20 முதல் 25 நிமிடமே. இலண்டன் நகரில் ஜூன் மாதத்தில் அது முக்கால் மணி நேரத்தைக் கடக்கும். ஆகவே நாம் விரைந்து செயல்பட வேண்டும். விரைந்து செயல்பட, முன்பே இடம் பார்த்திருக்க வேண்டும்.

நேரத்தை அளக்கக் கருவி தேவையில்லை. கையை முழுதும் நீட்டி முட்டியை மடக்கினால், அதன் அகலம் நம் கண்ணுக்குச் சுமார் 10 பாகை. சூரியன் வானில் மணிக்கு 15 பாகை நகர்கிறது. ஆகவே அடிவானத்திற்கும் சூரியனுக்கும் இடையே ஒரு முட்டி இருந்தால், மறைய ஏறத்தாழ 40 நிமிடம் இருக்கிறது. மேற்கே மலை இருந்தால் மலைமுடியிலிருந்து அளக்க வேண்டும். நாட்காட்டியில் உள்ள அத்தமன நேரத்திற்கு முன்பே மலைக்குப் பின் சூரியன் போய்விடும். ஆனால் நேராக எப்போதும் சூரியனைப் பார்க்காதீர்கள், கண்ணுக்குக் கேடு.

சூரியன் நேர் கிழக்கில் உதிப்பது மார்ச் 21, செப்டம்பர் 23 ஆகிய நாட்களை ஒட்டி மட்டுமே. நம் பகுதியில் ஜூன் 21ஐ ஒட்டி அது நேர் கிழக்கிலிருந்து வடக்கே சுமார் 24 பாகையும், டிசம்பர் 22ஐ ஒட்டித் தெற்கே சுமார் 24 பாகையும் தள்ளி உதிக்கிறது. அதாவது ஆண்டில் ஏறத்தாழ ஐந்து முட்டி அகலத்தில் உதயம் இடம் மாறுகிறது. மார்கழியில் கோபுரத்திற்குப் பின் உதித்த சூரியன் ஆனியில் அங்கே இராது. ஒரு காட்சியைத் தவறவிட்டவர் கலங்க வேண்டாம். இரு முனை நாட்கள் தவிர, ஒரே இடத்தில் சூரியன் ஆண்டுக்கு இரு முறை உதிக்கிறது. போகும்போது ஒரு முறை, திரும்பும்போது ஒரு முறை.

இக்கணக்கை நம் முன்னோர் நன்கு அறிந்திருந்தனர். எங்கள் ஊருக்கு அண்மையில் உள்ள தாரமங்கலம் கைலாசநாதர் கோயில் மேற்கு நோக்கியது. மாசி மாதத்தில் சில நாட்கள் மாலைச் சூரியனின் ஒளி உள்ளே சென்று இறைவன் மேல் விழுகிறது. கல்லை நிறுத்தும் முன் அவர்கள் சூரியனைப் பார்த்திருக்கிறார்கள்.

இன்னும் இரண்டு செய்திகள். இந்திய நேரம் கிழக்குத் தீர்க்கரேகை 82.5 பாகைக்கு உரியது. நாம் அதற்கு மேற்கே 4.6 பாகை தள்ளி இருப்பதால், சூரியன் நமக்கு உச்சியடைவது சராசரியாக 12 மணி 18 நிமிடத்தில். மேலும் ஏப்ரல் 21, ஆகஸ்ட் 22 ஆகிய நாட்களை ஒட்டி அது நம் தலைக்கு நேர்மேலே வருகிறது. இவற்றிற்கு இடைப்பட்ட மாதங்களில் நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்கும். நிழல் தெற்கே விழும்.

நிலவை விரும்புவோர் பௌர்ணமிக்கு முந்தைய நாளைக் குறித்துக்கொள்க. பௌர்ணமியன்று சூரியன் மறையும் நேரத்தில்தான் நிலவு எழும். அதற்குள் நிலம் இருண்டுவிடும். முந்தைய நாள் நிலவு சற்று முன்னரே எழுவதால், மாலை வெயில் நிலத்தின் மேல் இருக்கும்போதே நிலவையும் காணலாம். அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் ஆன்சல் ஆடம்சின் புகழ்பெற்ற படமொன்று நியூ மெக்சிகோ மாநிலத்தில் ஹெர்னாண்டஸ் என்னும் சிற்றூரின் மேல் நிலவெழுந்ததைக் காட்டுவது. காரில் செல்லும்போது எதிர்பாராமல் கண்ட காட்சி அது. ஒளியளக்கும் கருவி அந்த அவசரத்தில் கைக்குக் கிடைக்கவில்லை. நிலவின் ஒளிர்வு எவ்வளவு என்பது அவர் மனத்தில் இருந்தது. அதை வைத்துக் கணக்கிட்டு ஒரு படம் எடுத்தார். இரண்டாம் படத்திற்குள் கல்லறைச் சிலுவைகளின் மேலிருந்த வெயில் போய்விட்டது. எடுத்த ஆண்டையே பின்னாளில் அவர் பலவாறாகக் கூறினார். நிலவின் இருப்பிடத்தைக் கொண்டு கணக்கிட்ட வானியல் ஆர்வலர்கள், அது 1941 நவம்பர் 1 மாலை 4 மணி 49 நிமிடம் என்று 1991ஆம் ஆண்டு நிறுவினர். ஒரு படம் தன் காலத்தைத் தன்னுள்ளேயே எழுதி வைத்திருந்தது! தற்செயலாகக் கிடைத்த காட்சி என்று அதைச் சொல்வர். ஆயினும் பயின்றவனுக்கே தற்செயல் பயன்பட்டது.

காற்றும் மழையும் காலத்தில் அடங்கும். ஆடிக் காற்றில் நீர் அலைவதால் மலையின் நிழல் அதில் விழாது. காலையில் காற்று எழும் முன் பார்க்க வேண்டும். சித்திரை வைகாசியில் தூசியும் வெப்பமும் தொலைவு மலைகளை மறைக்கும். ஒரு நல்ல மழை பெய்து விட்ட மறுநாள் சேர்வராயன் மலையின் மடிப்புகள்கூட எங்கள் ஊர்ப்பக்கத்து மேடுகளிலிருந்து தெரியும்.

இடனறிதல்

ஓரிடத்திற்கு முதல் முறை படமெடுக்கப் போகாதீர்கள், பார்க்கப் போங்கள். என் குறிப்பேட்டில் ஒவ்வோர் இடத்திற்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, சில வினாக்களுக்கு விடை எழுதுகிறேன். எந்தத் திசையை நோக்கி நிற்க வேண்டும்? காலை ஒளி எதன் மேல் விழும். மாலை ஒளி எதன் மேல்? முன்னே என்ன, நடுவே என்ன, பின்னே என்ன? எந்த மாதத்தில் பசுமை, எந்த மாதத்தில் வறட்சி? எவருடைய நிலம், யாரிடம் கேட்க வேண்டும்? முதல் பேருந்து எப்போது, கடைசிப் பேருந்து எப்போது?

கடைசி வினாவைக் கண்டு சிரிக்க வேண்டாம். வண்டி இல்லாத மாணவனுக்கு ஒளியைத் தீர்மானிப்பது சூரியன் மட்டுமன்று, பேருந்தும்தான். முதல் பேருந்து வரும்போது பொன்னொளி போய்விடும் என்றால், அந்த இடத்தை மாலைக்கு வைத்துக்கொள்ள வேண்டும். அல்லது முந்தைய இரவே அருகில் தங்க வேண்டும்.

எடுத்துக்காட்டாகப் பூலாம்பட்டியைக் கொள்வோம். கதவணையால் தேங்கிய காவிரி அங்கே அகன்று நிற்கிறது. எதிர்க்கரையில் நெரிஞ்சிப்பேட்டை, அதற்குப் பின்னே மலைகள். விசைப்படகு இரு கரைக்கும் சென்று வருகிறது. நாம் நிற்பது கிழக்குக் கரை. ஆகவே காலையில் சூரியன் நம் முதுகுப்புறம் இருந்து எதிர்மலையின் பசுமையையும் மடிப்புகளையும் காட்டும். மாலையில் அதே மலை கறுத்த உருவமாகிவிடும். அப்போது மலையை மறந்து, ஒளிரும் நீரில் படகின் நிழலுருவத்தை எடுக்க வேண்டும். ஓரிடம், இரண்டு வேறு படங்கள். இதை நான் அறிய மூன்று முறை போகவேண்டியிருந்தது. முதல் முறை மாலையில் போய், மலை சரியாக வரவில்லை என்று வருந்தித் திரும்பினேன்.

சங்ககிரிக் கோட்டை வேறு வகை. தீரன் சின்னமலை 1805ஆம் ஆண்டு தூக்கிலிடப்பட்ட மலை அது. மேலிருந்து சமவெளி முழுதும் தெரியும். ஆயின் ஏறுவதற்கு எடுக்கும் நேரத்தையும், வெளிச்சம் இருக்கும்போதே இறங்க வேண்டியதையும் கணக்கிட வேண்டும். மாலையின் கடைசி ஒளிவரை மேலே நிற்க ஆசைப்படுவோர் இறங்கும் வழியை எண்ணிக்கொள்க.

இடத்தைப் பற்றி அங்கே வாழ்பவரைவிட அறிந்தவர் எவருமில்லை. ஆடு மேய்ப்பவர், மீன் பிடிப்பவர், பரிசல் ஓட்டுபவர் ஆகியோரிடம் கேளுங்கள். பண்ணவாடியில் நீர் வற்றிய தரையில் நான் குறுக்கே நடக்கப் போனபோது, ஒரு பெரியவர், “மேல காஞ்ச மாதிரி இருக்கும் தம்பி, கீழ சேறு. மாடே எறங்காது, நீங்க சுத்திப் போங்க” என்றார். வரைபடத்தில் அந்தச் சேறு இல்லை.

பாதுகாப்பும் இடம் பார்ப்பதில் ஒரு பகுதியே. அணையிலும் மின்நிலையத்திலும் உள்ள அறிவிப்புப் பலகைகளைப் படித்து, அனுமதி பெற்றே படம் எடுக்க வேண்டும். மேட்டூரில் 16 கண் மதகு வழியே உபரிநீர் திறக்கும் நாட்களில் ஆற்றுக்குள் இறங்கவே கூடாது. உயிரைக் கொடுத்து எடுக்கத்தக்க படம் எதுவும் இல்லை.

நீர்மட்டம் என்னும் கடிகாரம்

இப்போது நந்திக்கு வருவோம். என் தோல்வியை வைத்து ஒரு கணக்குப் போட்டேன். 60 அடிக்குக் கீழே நந்தி வறண்ட தரையில் நிற்கிறது. 70 அடிக்கு மேலே நீருக்குள் இருக்கிறது. நந்தியைச் சுற்றி நீரும், அதில் நந்தியின் நிழலும் சேர்ந்து கிடைப்பது இவற்றுக்கு இடைப்பட்ட சில அடிகளில்தான். நாளிதழில் நாள்தோறும் வரும் மேட்டூர் அணை நீர்மட்டமே இந்தப் படத்திற்குக் கடிகாரம்.

இதில் ஓர் இயற்பியல் நுட்பமும் உண்டு. நீர்த்தேக்கம் கீழே குறுகியும் மேலே அகன்றும் இருப்பதால், மட்டம் இறங்க இறங்க நீர்ப்பரப்பு சுருங்குகிறது. அதே அளவு நீர் வெளியேறினாலும், 110 அடியில் இறங்குவதைவிட 70 அடியில் மட்டம் வேகமாக இறங்கும். எனவே அந்தச் சில அடிகள் சில நாட்களிலேயே கடந்துவிடலாம். நீர் 80 அடிக்கு வந்த உடனேயே ஆயத்தமாக வேண்டும் என்று குறித்து வைத்தேன். பண்ணவாடி மேற்குக் கரையில் இருப்பதால் காலைச் சூரியன் நீருக்கு மேலே எழும். அப்போது கரையிலிருந்து பார்த்தால் நந்தி நிழலுருவம். ஓரமாக நடந்து பக்கவாட்டிற்குச் சென்றால் கல்லின் செதுக்கல்கள் தெரியும். எங்கே நிற்பது என்பதையும் குறித்துவிட்டேன்.

எல்லாம் எழுதி முடித்த பின் ஓர் எண்ணம் என்னை உறுத்தியது. என் படத்திற்கு வேண்டிய நல்ல நேரம் எது? அணை வற்றும் நேரம். குறுவைக்கு ஜூன் 12 அன்று திறக்க வேண்டிய நீர் 2024ஆம் ஆண்டில் இல்லாமற்போய் ஜூலை 28ஆம் நாள்தான் திறக்கப்பட்டது. அந்த ஆண்டில்தான் எனக்கு நந்தி தெரிந்தது. டெல்டா உழவரின் கெட்ட காலம் என் படத்திற்கு நல்ல காலம்! நாளிதழைப் பிரித்து, நீர்மட்டம் குறையவில்லையே என்று ஒரு நாள் நான் வருந்தியதை நினைத்து வெட்கப்பட்டேன். வள்ளுவர் கூறிய காலமறிதல், பிறர் துன்பத்திற்குக் காத்திருப்பது ஆகாது.

அம்மாயி மட்டும் அவ்வப்போது, “தண்ணி எறங்குச்சா கண்ணு?” என்று கேட்பார். “இல்லீங்க அம்மாயி, நெறைய நிக்குது” என்பேன். “நிக்கட்டும், நாலு பேரு வயித்துக்கு ஆச்சு” என்பார். அவர் கேள்வியும் அவரே சொல்லும் விடையும் ஒன்றுக்கொன்று மாறானவை. இரண்டும் உண்மை.

2025ஆம் ஆண்டு ஆயுத பூசை விடுமுறையில் அவரை மீண்டும் அழைத்துச் சென்றேன். இம்முறை முந்தைய மாலையே சென்று கொளத்தூரில் உறவினர் வீட்டில் தங்கினோம். விடியுமுன் பண்ணவாடிக் கரையில் இருந்தோம். நீர் நிறைந்து கிடந்தது. நந்தி அதன் அடியில். நான் முன்பே குறித்திருந்த இடத்தில் அம்மாயியை நிறுத்தினேன். எதிர்க்கரை மேட்டுக்கு மேல் சூரியன் எழுந்தது. காற்று இன்னும் எழவில்லை. “எந்தப் பக்கம் அம்மாயி?” என்று கேட்டேன். அவர் கையை நீட்டினார். கிழக்கு நோக்கிய அவர் முகத்தில் ஒளி பட்டது. நான் பக்கவாட்டில் நின்று இரண்டு படங்கள் எடுத்தேன். முப்பது தேவைப்படவில்லை.

அப்படத்தில் நந்தி இல்லை, ஊர் இல்லை, களம் இல்லை. நீரும், அதை நோக்கி நீண்ட ஒரு கையும் உள்ளன. அச்சிட்டுக் கொடுத்தேன். அம்மாயி இம்முறை தள்ளிப் பிடித்துப் பார்க்கவில்லை. “எங்கம்மாவும் இப்பிடித்தான் கைய நீட்டிக் காட்டும்” என்றார்.

நிறைவுரை

தோழர்களே! நம்முள் பலர் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்தவர்கள். விலையுயர்ந்த கேமரா நம்மிடம் இல்லை என்று தயங்க வேண்டாம். அட்டையில் வெட்டிய சாளரம், நீட்டிய கையின் முட்டி, ஒரு நாட்காட்டி, நாளிதழின் நீர்மட்டச் செய்தி, ஒரு குறிப்பேடு, ஊராரிடம் பணிந்து கேட்கும் நாக்கு ஆகியன போதும். இவற்றைக் கொண்டு உங்கள் ஊரின் ஒரு மேட்டையோ ஒரு குளத்தையோ ஓராண்டு கவனித்துப் பாருங்கள். இடத்தின் தன்மை புரியும். காலத்தின் போக்குப் புரியும். நாம் எங்கே நிற்க வேண்டும் என்பதும் புரியும்.

நந்திக்குரிய பக்கம் என் குறிப்பேட்டில் இன்னும் திறந்தே இருக்கிறது. என்றேனும் நீர் இறங்கினால் போவேன். எங்கு நிற்பது, எந்நேரம் நிற்பது என்று எனக்குத் தெரியும். இறங்க வேண்டும் என்று மட்டும் நான் வேண்டிக்கொள்ள மாட்டேன்.